சங்கை யார் ஊதுவது?

அத்தியாயம் 7: ஆலையில் ஆபத்து நேரும்போது செய்தித் தொடர்பு

இரவு ஷிஃப்ட். மணி மூன்று. குளோரின் கிடங்கின் பக்கம் போன ஹெல்ப்பர் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வருகிறார். ஆபத்துச் சங்கின் பொத்தான் அவர் தோள் உயரத்தில், கண்ணாடி மூடிக்குள் இருக்கிறது. அதை அவர் அழுத்தவில்லை. சூப்பர்வைசரைத் தேடி ஓடுகிறார். சூப்பர்வைசர் ஷிஃப்ட் இன்சார்ஜுக்கு போன் போடுகிறார். ஷிஃப்ட் இன்சார்ஜோ, இந்த நேரத்தில் மேனேஜரை எழுப்புவதா வேண்டாமா என்று யோசிக்கிறார். யாரும் சோம்பேறி இல்லை, யாரும் கெட்டவர் இல்லை. ஆனால் பத்து நிமிடம் போய்விட்டது.

இது கற்பனைக் காட்சி. ஆனாலும் உங்கள் ஆலையில் நடக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? சங்கு, மைக், வாக்கி-டாக்கி, போன் எல்லாம் இன்று பெரும்பாலான ஆலைகளில் இருக்கின்றன. அவற்றை எடுத்துப் பயன்படுத்தும் உரிமை யாருக்கு என்பதுதான் தெளிவாக இருப்பதில்லை. இந்த அத்தியாயம் கருவிகளைப் பற்றியும் பேசும். ஆனால் அதற்கு முன்னால் அந்த உரிமையைப் பேசியாக வேண்டும்.

மூன்று இரவுகள்

1984 டிசம்பர் 2 இரவு, போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் வெளியேறியது. அங்கே ஊருக்கென்று ஒரு சங்கு இருந்தது. சிறு கசிவுகளுக்கெல்லாம் ஊர் பதற வேண்டாம் என்பதால், அது சற்று ஒலித்ததும் அணைத்துவிடுவது நடைமுறை. அன்றும் அப்படியே அணைத்தார்கள். உறக்கத்திலிருந்து எழுந்த மக்கள் காற்று போன திசையிலேயே ஓடினார்கள். முகத்தில் ஈரத்துணியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்ற ஒரு வரிகூட அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

1988 ஜூலை 6 இரவு, வடகடலில் பைப்பர் ஆல்பா எண்ணெய் மேடை வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். பழுதுபார்ப்புக்காக ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்த செய்தி இரவு ஷிஃப்டுக்குப் போகவில்லை. அவர்கள் அந்த பம்பையே ஓட்டினார்கள். முதல் வெடிப்பிலேயே கண்ட்ரோல் ரூம் பயனற்றுப் போனது. மைக்கில் யாரும் எதுவும் அறிவிக்கவில்லை. தங்குமிடத்தில் கூடிய பலர், உத்தரவு வரும் என்று காத்திருந்தே புகையில் மாண்டார்கள். அருகிலிருந்த மேடைகளிலிருந்து இந்த மேடையை நோக்கி எண்ணெயும் எரிவாயுவும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன.

2020 மே 7 அதிகாலை, விசாகப்பட்டினம் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் ஆவி கசிந்து 12 பேர் இறந்தார்கள். 36 இடங்களிலிருந்து இயக்கக்கூடிய ஆபத்துச் சங்கு இருந்தும் அது ஒலிக்கப்படவில்லை என்று ஆந்திர அரசு அமைத்த உயர்நிலைக் குழு பதிவு செய்தது.

முப்பத்தாறு பொத்தான். ஒரு கைகூட அதன்மேல் படவில்லை. இந்த அத்தியாயத்தில் எதை மறந்தாலும் இந்த எண்ணை மறக்காதீர்கள்.

1. உரிமையை எழுதிக் கொடுங்கள்

சங்கை ஊதும் உரிமை பதவியைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. ஆபத்தை முதலில் காண்பவர் யாரோ அவருக்கே அது வேண்டும். அவர் கான்ட்ராக்ட் ஆளாக இருக்கலாம், டேங்கர் கிளீனராக இருக்கலாம், துப்புரவுப் பணி செய்யும் அம்மாவாகவும் இருக்கலாம்.

வாய்ச்சொல்லாக இதைச் சொன்னால் போதாது. அபராதம், மெமோ, சம்பளப் பிடித்தம் என்று பழகிய இடத்தில் வாய்ச்சொல்லை யாரும் நம்ப மாட்டார்கள். ஆலைத் தலைவர் கையெழுத்திட்ட ஒரு தாளை ஒவ்வொரு பொத்தானுக்கும் கீழே ஒட்டுங்கள்:

"ஆபத்து என்று உங்களுக்குத் தோன்றினால் அழுத்துங்கள். யாரையும் கேட்க வேண்டாம். தவறாக அழுத்தியதற்காக யார்மீதும் நடவடிக்கை கிடையாது."

இதற்குச் சட்டத்திலும் ஓர் அடித்தளம் உண்டு. போபாலுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்த 41-எச் பிரிவு, உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக அஞ்சும் தொழிலாளி அதை நிர்வாகத்தின் கவனத்துக்கும் ஆய்வாளரின் கவனத்துக்கும் கொண்டுபோகும் உரிமையைத் தந்தது. பொத்தானுக்குக் கீழே ஒட்டும் தாள் அந்த உரிமையைக் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கிறது. அவ்வளவுதான்.

ஊதும் உரிமை எல்லோருக்கும். நிறுத்தும் உரிமை ஒருவருக்கு மட்டும். 'ஆல் கிளியர்' கொடுக்கக்கூடியவர், ஆபத்து நேரத்தில் ஆலை முழுவதற்கும் பொறுப்பேற்கும் சைட் மெயின் கண்ட்ரோலர், அவர் இல்லாதபோது அவருக்கு அடுத்தவர். அந்த இரண்டு பெயர்களும் ஒவ்வொரு ஷிஃப்டின் தொடக்கத்திலும் போர்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

2. சங்குக்கு ஒரே அர்த்தம்

மில் சங்கு நம் ஊர்களில் கடிகாரமாக இருந்தது. முதல் சங்குக்கு எழுந்து, இரண்டாம் சங்குக்குக் கிளம்பிய தலைமுறை உண்டு. அந்தப் பழக்கமே இப்போது ஆபத்து. ஷிஃப்ட் மாற்றத்துக்கும் டீ இடைவேளைக்கும் தீவிபத்துக்கும் ஒரே ஒலி என்றால், தீவிபத்தன்று எல்லோரும் டீக்கடைப் பக்கம் நடப்பார்கள்.

ஆபத்துக்கு ஏறி இறங்கும் ஒலி, ஆபத்து நீங்கியதற்கு ஏற்ற இறக்கமில்லாத ஒரே நீண்ட ஒலி என்பது பல ஆலைகளில் உள்ள வழக்கம். அதையே வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாக ஒரு ஒலியைச் சேர்க்க ஆசை வரும். தீக்கு ஒன்று, கசிவுக்கு ஒன்று, வெடிப்புக்கு ஒன்று என்று பிரித்தால் காகிதத்தில் அழகாக இருக்கும். தூக்கக் கலக்கத்தில் ஓடுகிறவருக்கு எதுவும் நினைவுக்கு வராது. ஒலி கவனத்தைத் திருப்பினால் போதும். விவரத்தை மைக் சொல்லட்டும்.

சங்கு எங்கெல்லாம் கேட்கவில்லை என்பதை நடந்தே கண்டுபிடியுங்கள். தறிக்கூடம், கம்ப்ரஸர் அறை, குளிர்பதனக் கிடங்கு, கழிப்பறை, லாரி நிற்கும் இடம் என எல்லா இடத்திலும் ஒருவர் நின்று கேட்க வேண்டும். காதடைப்பான் போட்டு வேலை செய்யும் இடங்களிலும், காது கேளாதவர் வேலை செய்யும் இடங்களிலும் சுழல் விளக்கு கட்டாயம்.

3. மைக்கில் பேசுவது

மைக்கைப் பிடிப்பவருக்குக் குரல் நடுங்கும், அது இயல்பு. அதனால்தான் அறிவிப்பை முன்பே அட்டையில் எழுதி வைக்கிறோம். ஒரு அறிவிப்பில் ஐந்து விஷயம் போதும்: இது ஒத்திகையா நிஜமா, என்ன நடந்தது, எங்கே, எந்தப் பக்கம் போக வேண்டும், எந்தப் பக்கம் போகக் கூடாது.

"கவனியுங்கள், கவனியுங்கள். இது ஒத்திகை இல்லை. குளோரின் கிடங்கில் கசிவு. எல்லோரும் பச்சை கேட் பக்கம் போங்கள். சிவப்பு கேட் பக்கம் போகாதீர்கள். ஓட வேண்டாம், வேகமாக நடங்கள்."

இதை மூன்று முறை நிதானமாகப் படிக்க வேண்டும். கிழக்கு வாசல், வடக்கு வாசல் என்று சொல்லாததைக் கவனித்திருப்பீர்கள். நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கு இருட்டில் திசை தெரியாது, நிறம் தெரியும். கேட்டுக்கு அந்த நிறத்தையே பூசிவிடுங்கள்.

பீகார், ஒடிசா, வங்காளம், ஜார்கண்ட் தொழிலாளர்கள் இல்லாத ஆலை தமிழ்நாட்டில் இன்று குறைவு. ஆகவே அட்டையின் பின்பக்கம் இந்தி வாசகம் இருக்கட்டும், தமிழ் எழுத்திலேயே. இரவுக் காவலர் இந்தி அறியாதவராக இருந்தாலும் பார்த்துப் படித்துவிடலாம்:

"த்யான் தீஜியே. யே ட்ரில் நஹீ ஹை. க்ளோரின் கேஸ் லீக் ஹுவா ஹை. ஸப் லோக் ஹரே கேட் கீ தரஃப் சலியே. லால் கேட் கீ தரஃப் மத் ஜாயியே."

ஒடியா, வங்காளம் பேசுவோர் அதிகம் இருந்தால், அவர்களில் ஒருவர் குரலிலேயே பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். பழகிய உச்சரிப்பில் கேட்கும் சொல்லுக்குக் கால் உடனே நகரும்.

எந்த கேட் என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கும். கூடுமிடம் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், வெவ்வேறு திசைகளில். மைக்கில் பேசுபவர் அறிவிப்புக்கு முன் காற்றின் திசை காட்டும் துணிப்பையைப் பார்த்தாக வேண்டும். அது கண்ட்ரோல் ரூம் ஜன்னலிலிருந்து இரவிலும் தெரிகிறதா? காற்றுக்குக் குறுக்காக விலகிப் போகச் சொல்வதே பொது விதி. குளோரின் காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனமானது; தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். அன்று பேஸ்மென்டில் ஒளியச் சொல்லும் அறிவிப்பு சாவுக்கு அனுப்பும் அறிவிப்பு. எனவே உங்கள் ஆலையில் உள்ள ஒவ்வொரு ஆபத்தான ரசாயனத்துக்கும் தனி அட்டை எழுதுங்கள்.

4. வாக்கி-டாக்கி: ஒருவர் பேச, மற்றவர் கேட்க

வாக்கி-டாக்கியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பதற்றத்தில் பத்துப் பேர் பொத்தானை அழுத்தினால் யார் பேசுவதும் கேட்காது. ஆகவே விதிகள்:

• ஆபத்து தொடங்கியதும் முதல் சேனல், ஆபத்து நடந்த இடத்தில் பொறுப்பேற்கும் இன்சிடென்ட் கண்ட்ரோலருக்கும் மீட்புக் குழுவுக்கும் மட்டும். கேட், ஸ்டோர்ஸ், கேன்டீன் எல்லாம் இரண்டாம் சேனலுக்குப் போய்விட வேண்டும்.
• அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேசுங்கள். இல்லாவிட்டால் முதல் சொல் வெட்டுப்படும். 'வால்வை மூடாதே' என்பதில் பின்பாதி வெட்டுப்பட்டாலும் விபரீதம்தான். ஆகவே 'திறந்தே வை' என்று செய்ய வேண்டியதையே சொல்லிப் பழகுங்கள்.
• அழைக்கப்படுபவர் முதலில், அழைப்பவர் பின்னர்: "கண்ட்ரோல், கண்ட்ரோல், பாய்லர் பேசுறேன்."
• கேட்டவர் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். 'சரி சார்' பதிலாகாது. "மூணாம் நம்பர் வால்வை மூடுறேன்" என்பதே பதில்.
• அடிபட்டவர் பெயரைச் சொல்லாதீர்கள். அந்த அலைவரிசையில் அவர் தம்பியும் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

எளிதில் தீப்பற்றும் ஆவி இருக்கும் இடத்தில் சாதாரண வாக்கி-டாக்கியோ செல்போனோ தீப்பொறிக்குக் காரணமாகலாம். அப்படிப்பட்ட இடங்களுக்கென்றே சான்று பெற்ற கருவிகள் உண்டு, அவற்றையே வாங்குங்கள். உரிமத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை. பெரிய வளாகத்துக்குப் போதாமல் அதிக சக்தி கொண்டவற்றை வாங்கினால் உரிமம் வேண்டும்.

5. வெளியே அழைப்பது

112 எல்லா அவசரத்துக்கும், 101 தீயணைப்புக்கு, 108 ஆம்புலன்ஸுக்கு. இந்த எண்கள் எல்லோருக்கும் தெரியும். அழைத்தபின் என்ன சொல்வது என்பதில்தான் தடுமாற்றம். போனுக்கு மேலே ஒட்ட வேண்டிய வாசகம்:

1. ஆலையின் பெயர், ஊர், அருகில் எல்லோருக்கும் தெரிந்த அடையாளம்.
2. எந்த கேட் வழியாக வர வேண்டும். காற்றைப் பார்த்துச் சொல்லுங்கள்.
3. என்ன ரசாயனம், அதன் ஐ.நா. எண். குளோரினுக்கு 1017, நீரற்ற அம்மோனியாவுக்கு 1005. பெயரைத் தவறாகக் கேட்டாலும் எண் தவறாது.
4. அடிபட்டவர் எத்தனை பேர், மூச்சுத் திணறலா, தீக்காயமா.
5. திரும்ப அழைக்க வேண்டிய எண்.

அந்தப் பக்கம் வைத்த பிறகுதான் நீங்கள் போனை வைக்க வேண்டும். உடனே ஒருவரை டார்ச்சோடு மெயின் ரோடு முக்கில் நிறுத்துங்கள். சிப்காட் வளாகத்துக்குள் எல்லா கேட்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

6. மின்சாரமும் டவரும் போனபின்

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2016 டிசம்பர் 12 வர்தா புயலிலும் சென்னை கற்றது இதுதான்: எல்லோரும் நம்பியிருக்கும் செல்போன் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். டவர் நின்றிருந்தாலும், ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வீட்டுக்கு அழைத்தால் அழைப்பு கிடைக்காது. அப்போதும் குறுஞ்செய்தி சில நேரம் நுழைந்து போகும்.

ஆலைக்குள் பாருங்கள். சங்குக்கு எங்கிருந்து மின்சாரம்? முதலில் துண்டிக்கப்படும் லைனிலிருந்தே வந்தால், தீப்பிடித்து மெயினை இறக்கிய மறுநொடி சங்கும் ஊமையாகிவிடும். பழைய செம்புக் கம்பி டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் மின்சாரத்திலேயே வேலை செய்தது. ஃபைபர் வழி வரும் இன்றைய போனுக்கு உங்கள் கட்டடத்து மின்சாரம் வேண்டும். சங்கு, மைக், போன் பெட்டி, கேட் விளக்கு நான்கையும் யுபிஎஸ்ஸில் இணையுங்கள். கையால் சுற்றும் சங்கு ஒன்று, கை மைக் இரண்டு, விசில் பத்து ஆகியவை கேட்டில் இருக்கட்டும்.

எல்லாம் போனாலும் மனிதக் கால் இருக்கிறது. ஒவ்வொரு ஷிஃப்டிலும் இரண்டு ஓட்டச் செய்தியாளர்களை நியமியுங்கள். செய்தியை வாயால் சொல்லி அனுப்பாதீர்கள். சீட்டில் எழுதி, நேரம் குறித்து அனுப்புங்கள். வாய்ச்செய்தி மூன்றாவது ஆளிடம் போகும்போது வேறு செய்தியாகிவிடும்.

7. எத்தனை பேர் வரவில்லை?

கூடுமிடத்திலிருந்து கண்ட்ரோல் ரூமுக்கு வர வேண்டிய செய்தி ஒன்றுதான்: யாரைக் காணோம், கடைசியாக எங்கே பார்த்தது? 'எல்லோரும் வந்தாச்சு' என்ற சொல்லை நம்பி மீட்புக் குழு திரும்பிவிடக் கூடாது. வீட்டுக்குப் போய்விட்டவரைத் தேடி உள்ளே நுழைந்து உயிர் விடவும் கூடாது.

பயோமெட்ரிக் கணக்கு சர்வரில் இருக்கும். சர்வர் எரியும் கட்டடத்தில் இருக்கும். ஆகவே ஷிஃப்ட் தொடங்கி அரை மணிக்குள் பட்டியல் அச்சாகி கேட்டுக்குப் போய்விட வேண்டும். கான்ட்ராக்டர் ஆட்கள், லாரி டிரைவர், கிளீனர், கேன்டீன் ஆட்கள், பார்வையாளர் எல்லோரும் அதில் வர வேண்டும். பட்டியலில் இல்லாதவரை யாரும் தேட மாட்டார்கள்.

இன்னொரு வேலை: நேரம் குறித்து எழுதுபவர். கண்ட்ரோல் ரூமில் ஒருவர் வேறெதுவும் செய்யாமல், வந்த செய்தி, போன உத்தரவு இரண்டையும் லாக் புக்கில் எழுத வேண்டும். தீயணைப்பு அலுவலர் வந்து கேட்கும் முதல் கேள்விக்கு அந்தப் பக்கமே பதில். பைப்பர் ஆல்பாவில் கைமாறாமல் போன செய்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் மாறும்போது எது கழற்றப்பட்டிருக்கிறது, எது பூட்டப்பட்டிருக்கிறது என்பதும் அதே புத்தகத்தில் வரட்டும். ஷிஃப்டைப் பொறுப்பேற்பவர் இடத்துக்கே போய்ப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.

8. வேலிக்கு வெளியே

2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி, எண்ணூரில் ஓர் உர ஆலைக்குக் கடலடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் வெளியேறினார்கள். காற்று வேலியில் நின்று அனுமதி கேட்பதில்லை.

ஊருக்குச் சொல்ல வேண்டியது விபத்தன்று தொடங்கும் வேலை கிடையாது. 1989ஆம் ஆண்டின் அபாயகரமான ரசாயனங்கள் விதிகளின்படி, பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு விபத்தின் தன்மையையும் செய்ய வேண்டியதையும் முன்பே தெரிவித்திருக்க வேண்டும். வேலிக்கு வெளியேயான மீட்புத் திட்டம் மாவட்ட நிர்வாகத்தின் கையில். மாவட்ட நெருக்கடிக் குழுவுக்கு ஆட்சியரே தலைவர். ஆனால் ஆட்சியருக்குச் செய்தி போய், அது ஊருக்குத் திரும்பி வரும்வரை காற்று காத்திருக்காது. ஊராட்சித் தலைவர், பள்ளித் தலைமையாசிரியர், மீனவர் சங்கம், கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என ஒலிபெருக்கியும் மணியும் உள்ள ஒவ்வொருவர் எண்ணும் கேட்டில் இருக்கட்டும். அவர்களிடமும் வாசகம் எழுதிய அட்டையைக் கொடுத்து வையுங்கள்.

9. வீட்டுக்குப் போகும் செய்தி

நீங்கள் சொல்லாவிட்டால் வாட்ஸ்அப் சொல்லும். கேட்டுக்கு வெளியே கூடும் குடும்பங்களுக்கு நிழலும் தண்ணீரும், பேசுவதற்கு ஒரே ஒரு மனிதரும் வேண்டும். அவரிடம் விவரம் இல்லாவிட்டாலும் நேரம் இருக்கட்டும்: "அடுத்த தகவல் அரை மணியில், இதே இடத்தில்." சொன்னபடி அரை மணியில் அவர் வந்து நிற்க வேண்டும், சொல்ல ஒன்றுமே இல்லாவிட்டாலும். இறந்தவர் பெயர் குடும்பத்துக்குப் போகும்முன் நிருபர்களுக்குப் போகக் கூடாது. வெளிமாநிலத் தொழிலாளியின் ஊர் எண் கான்ட்ராக்டரின் செல்போனில் மட்டும் இருந்தால் இன்றே வாங்கிப் பதிந்து கொள்ளுங்கள்.

10. ஒத்திகையைக் கெடுத்துப் பாருங்கள்

மேலே சொன்ன 1989ஆம் ஆண்டு விதிகளுக்குள் வரும் ஆலைகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாக் டிரில் நடத்த வேண்டும். பொதுவாக அது பகல் 11 மணிக்கு, இஸ்திரி போட்ட சட்டையோடு, போட்டோகிராபரோடு நடக்கும். அப்படி ஒன்றை நடத்திவிட்டு, பிறகு இன்னொன்றை இப்படி நடத்துங்கள்:

• அதிகாலை மூன்று மணிக்குத் தொடங்குங்கள்.
• சேஃப்டி ஆபீசரை ஓரமாக உட்கார வையுங்கள். அவர் ஊரில் இல்லை என்று பாவனை.
• மெயினை இறக்குங்கள்.
• போன் பட்டியலில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் அழையுங்கள். வேலையை விட்டுப் போனவரின் எண் எத்தனை என்று எண்ணுங்கள்.
• யாரிடமும் சொல்லாமல் ஒருவரை ஸ்டோர்ஸில் நிறுத்திவிட்டு, தலை எண்ணிக்கையில் அவர் இல்லாதது தெரிகிறதா என்று பாருங்கள்.
• ஆபத்தைக் கண்டவர் பொத்தானை அழுத்த எத்தனை நொடி எடுத்துக்கொண்டார் என்று குறியுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமான அளவு இதுதான்.

ஊதுகிற சங்கை ஊதி வைப்போம், விடிகிறபோது விடியட்டும் என்பார்கள். ஆபத்துச் சங்குக்கு அது பொருந்தாது. ஊதியபின் யார் நகர்ந்தார்கள், எந்தப் பக்கம் நகர்ந்தார்கள், எவ்வளவு நேரத்தில் என்று கடைசிவரை பார்த்தால்தான் ஊதியதற்குப் பொருள்.

என்றாவது ஒருநாள் நீராவியைப் புகை என்று நினைத்து ஒரு ஹெல்ப்பர் பொத்தானை அழுத்திவிடுவார். ஆலை நிற்கும், உற்பத்தி போகும், மேனேஜர் பல்லைக் கடிப்பார். அன்று மாலைக் கூட்டத்தில் அந்த ஹெல்ப்பரை எழுப்பி நிறுத்தி என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதை ஆலை முழுக்கக் கவனித்துக்கொண்டிருக்கும். நன்றி சொல்லுங்கள். பொத்தானுக்குக் கீழே ஒட்டிய தாளில் இருப்பது வெறும் கையெழுத்தா, வாக்கா என்பது அன்றுதான் எல்லோருக்கும் தெரியும்.